முன் சக்கரத்தின் பூட்டு

நம் ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அதன் நடுவே உருண்டு திரண்ட மரக்கட்டை ஒன்று உண்டு. அதற்குக் குடம் என்று பெயர். குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்பி வட்டையைத் தாங்குகின்றன. குடத்தின் துளைக்குள் அச்சு நுழைந்திருக்கிறது, முனையில் கடையாணி. வண்டி ஓடும்போது குடம் சுழல்கிறது, அச்சு சுழல்வதில்லை. இழுப்பது மாடு. சக்கரத்தின் வேலை உருள்வது மட்டுமே.

ஜீப்பின் பின்சக்கரம் அப்படியன்று. என்ஜினின் ஆற்றல் அச்சுத்தண்டின் வழியே வந்து குடத்தையே பிடித்துத் திருப்புகிறது. அங்கே சக்கரமே மாடு. முன்சக்கரமோ இரண்டு வேடமும் போட வேண்டியிருக்கிறது. நல்ல சாலையில் அது சும்மா உருண்டால் போதும். சேற்றிலும் மணலிலும் அதுவும் சேர்ந்து இழுக்க வேண்டும். இந்த வேடமாற்றத்தைச் செய்வது குடத்தின் வெளிமுகத்தில் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஒரு சிறு கருவி. லாக்கிங் ஹப் என்று அதைச் சொல்கிறார்கள். இக்கட்டுரையில் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்றும், அதன்மேல் உட்காரும் பூட்டுக் கருவியை ஹப் என்றும் குறிப்பேன். இரண்டும் குழம்பாமல் இருக்கட்டும்.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நான் பொறியியல் மாணவன் அல்லன், பாறைகளைப் படிப்பவன். சென்ற ஆண்டு மழைக்கால முடிவில் நாங்கள் நால்வர் வாடகை ஜீப் ஒன்றில் மோகண்ட் பக்கம் சென்றோம். சிவாலிக் குன்றுகளின் அடுக்குகளை அங்கே திறந்த புத்தகம் போல் பார்க்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தை அடைய ‘ராவ்’ என்று இப்பக்கத்தார் சொல்லும் காட்டாற்றின் படுகையிலே வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அது கூழாங்கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும். மலையில் மழை பெய்தால் எச்சரிக்கையின்றி நீர் வந்துவிடும். படுகையின் நடுவே வண்டி மணலில் புதைந்தது. ஓட்டுநர் இறங்கி இரண்டு ஹப்புகளையும் ‘லாக்’ என்ற நிலைக்குத் திருப்பினார். நாற்சக்கர நெம்பையும் போட்டார். என்ஜின் உறுமிற்று. பின்சக்கரம் ஒன்று மட்டும் மணலை வாரி இறைத்துக் கொண்டு தன் குழியைத் தானே ஆழப்படுத்திற்று. முன்சக்கரங்கள் இரண்டும் சிலைபோல் நின்றன. வடக்கே குன்றுகளுக்கு மேல் வானம் கறுத்திருந்தது.

மணல் ஏற்ற வந்த டிராக்டர் ஒன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றியது. இரண்டு மணி நேரம் கழித்து, நாங்கள் நின்ற இடத்தில் செந்நிற நீர் புரண்டு ஓடிற்று. கரையில் நின்று அதைப் பார்த்துக் கொண்டிருந்தபோது எங்களில் யாரும் பேசவில்லை.

மறுநாள் நகரத்துப் பட்டறை ஒன்றில் முதிய மிஸ்திரி ஒருவர் அந்த ஹப்புகளைத் திறந்தார். நான் அருகில் நின்றிருந்தேன். பின்னர் விடுமுறை நாட்களில் பலமுறை அவரிடம் சென்று கையில் கரி பூசிக் கொண்டேன். (நம் ஊரில் மேஸ்திரி கொத்தனார்களை மேய்ப்பவர், இங்கே மிஸ்திரி என்றால் மோட்டார் பழுது பார்ப்பவரும் அடக்கம்.) கீழ்வருவனவற்றில் பெரும்பகுதி அவர் கையிலிருந்து கற்றது.

ஏன் இந்தப் பூட்டு?

இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. அவற்றில் இந்த ஹப் இல்லை. முன் அச்சுத்தண்டு குடத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்தது. போர்க்களத்தில் அது குறையன்று. போர் முடிந்து அதே வண்டிகள் தார்ச்சாலையில் ஓடத் தொடங்கியபோதுதான் தொல்லை தெரிந்தது. நாற்சக்கர நெம்பைப் போடாதபோதும், உருளும் முன்சக்கரம் அச்சுத்தண்டைத் திருப்பும். அது டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களைத் திருப்பும். அவை முன்பக்கத்து நீண்ட புரொப்பல்லர் தண்டைத் திருப்பும். வேலை ஒன்றுமில்லாமல் இத்தனை இரும்பும் ஓயாமல் சுழல்கிறது. தேய்மானம், இரைச்சல், கொஞ்சம் எரிபொருள், எல்லாம் வீண். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-இல் தொடங்கிய தொழில் இந்தத் தொல்லைக்குத் தீர்வாகத்தான் பிறந்தது: ஜீப்பின் முன்குடத்துக்குப் பூட்டும் திறப்பும் உள்ள ஹப். நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். அந்த மரபில் வந்த ஜீப்புகள் பலவற்றிலும், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸிகள் பலவற்றிலும் இத்தகைய ஹப்பைக் காணலாம். வண்டியை விட்டு இறங்காமலே பூட்டிக்கொள்ளும் தானியங்கி ஹப்புகளும் உண்டு. அவை வேறு கதை. இங்கே நாம் காண்பது கையால் திருப்புவது.

ஒன்று கெட்டால் இரண்டும் இல்லை

எங்கள் ஜீப்பில் பழுதாகியிருந்தது வலப்பக்க ஹப் ஒன்று மட்டுமே. இடப்பக்கத்தது ஒழுங்காகப் பூட்டிக் கொண்டது. அப்படியானால் இடது முன்சக்கரமாவது இழுத்திருக்க வேண்டாமா? இழுக்கவில்லை. இதுதான் இக்கருவியைப் பற்றி முதலில் விளங்கிக் கொள்ள வேண்டிய செய்தி.

இரண்டு முன் அச்சுத்தண்டுகளுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் ஒரு சக்கரம் கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் சுழல வழி செய்வது அதன் தொழில். ஆனால் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த அதற்கு முறுக்குவிசையைப் பாரபட்சமாகக் கொடுக்கத் தெரியாது. இரு பக்கத்துக்கும் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வலப்பக்க ஹப் பூட்டிக் கொள்ளாததால் வலது அச்சுத்தண்டு எதையும் பிடிக்காமல் வெறுமனே சுழன்றது. வெறுமனே சுழல்வதற்கு விசை வேண்டியதில்லை. வலப்பக்கத்துக்கு ஒன்றுமில்லை, ஆகவே இடப்பக்கத்துக்கும் ஒன்றுமில்லை. பின்னால் அதே நியதிப்படி, மணலில் பிடிப்பிழந்த ஒரு சக்கரம் சுழல, மற்றது நின்றது. நாற்சக்கர வண்டி என்று வாடகை கொடுத்தோம். படுகையில் அது ஒற்றைச் சக்கர வண்டியாக இருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

அச்சுத்தண்டின் முனையில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். அவற்றின்மேல் ஒரு சிறு உள்வளையம் பொருந்தி, தண்டோடு சேர்ந்து சுழலும். ஹப்பின் வெளிக்கூடு போல்ட்டுகளால் குடத்தோடு பிணைந்து, சக்கரத்தோடு சுழலும். இவ்விரண்டுக்கும் இடையே முன்னும் பின்னும் நகரும் வளையம் ஒன்று. மூடியில் உள்ள திருகியை ‘லாக்’ பக்கம் திருப்பினால், சுருள்வில் அந்த வளையத்தைத் தள்ளி இரண்டையும் கோத்து விடும். ‘ஃப்ரீ’ பக்கம் திருப்பினால் வளையம் விலகும். தண்டு வேறு, சக்கரம் வேறு. பெரும்பாலான ஹப்புகளின் அமைப்பு இதுவே. விவரங்கள் வண்டிக்கு வண்டி மாறும்.

வளையத்தைத் தள்ளுவது ஒரு மெல்லிய சுருள்வில் என்பதைக் கவனியுங்கள். திருகியைத் திருப்பிய கையின் வலிமை நேராக வளையத்துக்குப் போவதில்லை. திருகி ‘லாக்’ என்று காட்டும். உள்ளே வளையம் நகராமலும் இருக்கலாம். எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

கழற்றுதல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கைப்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஜீப்புகளில் அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னே தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பினால், முன்னே சொன்ன டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டி, வண்டி உருண்டு விடும். ஹப்பை மட்டும் கழற்றுவதானால் வண்டியைத் தூக்கவே வேண்டியதில்லை. பேரிங்கையும் பார்ப்பதானால் முன்னே ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது மடமை.

திறக்கும் முன்பே வெளிப்புறத்தைக் கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் துலக்குங்கள். இல்லையேல் மேலே ஒட்டிய மணலெல்லாம் உள்ளே விழும். திருகியை ‘ஃப்ரீ’ நிலையில் வைத்து மூடியின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மூடியை இழுத்தால் வந்துவிடும். உள்ளே அச்சுத்தண்டின் முனையில், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சர்க்ளிப் தெரியும். அதற்கென்று உள்ள குறடால் விரித்து எடுக்க வேண்டும். அது துள்ளும் இயல்பு உடையது; மற்றக் கையால் மூடிக் கொண்டு, முகத்தை விலக்கி எடுங்கள். பிறகு வெளிக்கூட்டைப் பிடித்துள்ள போல்ட்டுகள். பழைய ஜீப் வகைகளில் பெரும்பாலும் ஆறு. கூடு ஒட்டிக் கொண்டிருந்தால் மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். நடுவே திருப்புளியைச் செருகி நெம்பினால் பொருந்துமுகம் கீறிப் போகும். அந்தக் கீறல் வழியே அடுத்த மழையில் நீர் புகும்.

கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே துணியின்மேல் பரப்புங்கள். மிஸ்திரி தம் நினைவையே நம்புகிறார். நமக்கு அது ஆகாது. கைப்பேசியில் ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துக் கொள்வது நல்லது.

கூடு வந்த பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலும், அதன்மேல் இரண்டு பெரிய நட்டுகளும், அவற்றின் இடையே மடித்த நாக்குடைய வாஷர் ஒன்றும் தெரியும். நாக்கை நிமிர்த்தி, வெளி நட்டு, வாஷர், உள் நட்டு என்று கழற்ற வேண்டும். பழைய ஜீப்புக்கு 2 1/16 அங்குலப் பெட்டிச் சாவி இதற்கு வேண்டும். அது இல்லாத பட்டறைகளில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துச் சுழற்றுவார்கள். நட்டின் முகங்களைப் பார்த்தாலே அந்த வண்டி எத்தகைய பட்டறைகளுக்குப் போய் வந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் ஜீப்பின் நட்டுகளில் உளித்தழும்பு இல்லாத முகமே இல்லை.

கிரீஸ் என்னும் பகை

வலப்பக்க மூடியைத் திறந்ததும் மிஸ்திரி சிரித்தார். உள்ளே வளையமும் தெரியவில்லை, சுருள்வில்லும் தெரியவில்லை. இடமெல்லாம் மஞ்சளாக இறுகிய கிரீஸ், அதில் நுண்மணல். “பேட்டா, இது பட்டினியால் சாகவில்லை, யாரோ ஊட்டி ஊட்டிக் கொன்றிருக்கிறார்கள்” என்றார்.

இரும்பு உராயும் இடத்தில் மசகு வேண்டும் என்பது நாம் மாட்டு வண்டியிலேயே கற்ற பாடம். ஆகவே நிறைய வைத்தால் நிறைய நன்மை என்று எண்ணிவிடுகிறோம். பேரிங்குக்கு அது ஓரளவு பொருந்தும். ஹப்புக்குப் பொருந்தாது. வளையம் நகரும் பாதையில் கிரீஸ் அடைத்து நின்றால் அது ஒதுங்க இடமில்லை. மெல்லிய சுருள்வில்லால் அதைப் பிதுக்கித் தள்ள முடியாது. குளிர்காலத்தில் கிரீஸ் மேலும் இறுகும். டிசம்பர் விடியலில் மலைக்குக் கிளம்புகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. மேலும் கெட்டியான கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக் கொண்டு அரைக்கும் பசையாக மாறுகிறது.

எனவே ஹப்பின் உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, விரலால் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவினால் போதும். இரும்பின் நிறம் அதன் ஊடே தெரிய வேண்டும். கழுவ பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள். பட்டறை மூலையில் எப்போதும் யாரோ பீடி குடித்துக் கொண்டிருப்பார். கழுவிய பின், வளையம் கையால் தள்ளத் தடையின்றி நகர்கிறதா, பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா, சுருள்வில் நெளிந்திருக்கிறதா, திருகியின் அடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரப்பர் வளையத்தின் விலை அற்பம்; நீர் புகும் வாசல் பெரும்பாலும் அதுதான்.

நீர் எப்படிப் புகுகிறது என்பதும் சுவையான செய்தி. நெடுந்தூரம் ஓடிய வண்டியின் குடம் சூடாக இருக்கும். உள்ளே உள்ள காற்றும் சூடாக இருக்கும். அந்த நிலையில் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உட்காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று வெளி நீரை உறிஞ்சுகிறது. ஆழமான நீரைக் கடந்து வந்தபின் ஹப்பைத் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. துடைத்தெறிந்து புதிது வைக்க வேண்டும்.

பேரிங்கும் நட்டும்

பேரிங்கைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது; குழி விழுந்திருந்தால் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது உருளைக்கூட்டையும் அது உட்காரும் கிண்ணத்தையும் இணையாகவே மாற்ற வேண்டும். நல்லதானால், உள்ளங்கையில் கிரீஸை வைத்துக் கொண்டு பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபுறம் பிதுங்கும் வரை உருளைகளின் இடையே ஏற்றுங்கள்.

இனி உள் நட்டு. இதை இறுக்குவதில்தான் கைத்திறன் தெரியும். அதிகம் இறுக்கினால் பேரிங் எரியும்; தளர்த்தி விட்டால் சக்கரம் ஆடும், பேரிங் நொறுங்கும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக் கொண்டே, அது தடைப்படும் வரை நட்டை இறுக்குங்கள். உருளைகள் தம் இடத்தில் அமர்ந்துவிடும். பிறகு ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்று தளர்த்துங்கள். நட்டுக்கு ஆறு முகங்கள், ஒரு முகம் நகர்ந்தால் கணக்குச் சரி. இது பழைய ஜீப்பின் கணக்கு. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கைப்புத்தகத்தைப் பார்க்க வேண்டும். வாஷரை வைத்து வெளி நட்டை இறுக்கிய பின் மீண்டும் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். வெளி நட்டு இறுகும்போது உள் நட்டையும் சிறிது அழுத்தும். முன்பு சரியாக இருந்தது இப்போது இறுக்கமாகியிருக்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சுழற்றினால் தடை இருக்கக் கூடாது. இரண்டும் பொருந்தும் வரை மிஸ்திரி மூன்று முறை கழற்றி மாட்டினார். நான்காவது முறைக்கும் அவர் சலிக்கவில்லை. எனக்குத்தான் கால் வலித்தது. இறுதியில் வாஷரின் நாக்கை நட்டின் முகத்தின்மேல் மடித்து விடுங்கள்.

மாட்டுதலும் சோதித்தலும்

பொருந்துமுகங்களைத் துடைத்து, புதுப் பாக்கிங் வைத்துக் கூட்டை ஏற்றி, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். சர்க்ளிப் பள்ளத்தில் உட்கார மறுத்தால் அச்சுத்தண்டு உள்ளே போயிருக்கிறது என்று பொருள். சில வண்டிகளில் தண்டின் முனையில் மரையிட்ட துளை உண்டு. அதில் ஒரு போல்ட்டைத் திருகிப் பிடித்து வெளியே இழுத்துக் கொண்டு சர்க்ளிப்பைப் போடலாம். அது பள்ளத்தில் முழுவதும் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். திருகியை ‘ஃப்ரீ’ நிலையில் வைத்து மூடியை மாட்டுங்கள். திருகி விரலாலேயே திரும்ப வேண்டும். குறடு வைத்துத்தான் திரும்புகிறது என்றால் உள்ளே ஏதோ தவறு. குறடு அதைத் தீர்க்காது, உடைக்கும்.

இப்போது சோதனை. என்ஜினை நிறுத்தி, முன்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி வையுங்கள். அதன் ஹப் ‘ஃப்ரீ’யில் இருக்கும்போது சக்கரம் இலேசாகச் சுழல வேண்டும். அடுத்து இரண்டு ஹப்புகளையும் ‘லாக்’ செய்து, நாற்சக்கர நெம்பையும் போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சுழற்றுங்கள். ஓரிரு விரல் அசைவில் பற்கள் கோத்துக் கொண்டு சக்கரம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றிக் கொண்டே போனால், இரண்டில் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. தரையில் இருக்கும் பக்கத்து ஹப் பழுதானாலும் தூக்கிய சக்கரம் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். முன்னே சொன்ன டிஃபரன்ஷியல் கணக்குத்தான். எது என்று அறிய, தரைப்பக்க ஹப்பை வேண்டுமென்றே ‘ஃப்ரீ’ செய்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கையில் பற்சக்கரங்களின் கனம் தெரிந்தால் தூக்கிய பக்கம் நல்லது. இலேசாகவே சுற்றினால் பழுது அங்கேதான்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிய பின் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டு இறுக்கம், அல்லது பிரேக் உரசுகிறது. போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து விடுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறையேனும் இரண்டு ஹப்புகளையும் பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நெம்பைப் போட வேண்டியதில்லை. நெடுநாள் அசையாமல் கிடந்த பற்சக்கரங்களின் மேற்பகுதிக்கு எண்ணெய் சேர இதுவே வழி. காய்ந்த தார்ச்சாலையில் நெம்பையும் சேர்த்துப் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுவதால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக் கொள்ளும்.

அன்று இடப்பக்க ஹப்பையும் திறந்தோம். அதிலும் பாதி அளவுக்குக் கிரீஸ் அடைத்திருந்தது. வளையம் நகர்ந்தது, ஆனால் அடுத்த குளிருக்கு நகர்ந்திருக்குமா என்பதை மிஸ்திரி உறுதி சொல்லவில்லை.

வரும் பருவத்தில் ராவ் பக்கம் செல்லவிருக்கும் நண்பர்கள் வாடகை ஜீப் பேசும்போது, நான் சொன்ன அந்தச் சோதனையை, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி, கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஆகும். ஓட்டுநர் முணுமுணுப்பார்; இஞ்சி போட்ட தேநீர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.